அப்பாவின் 1978

வாசகர் கேள்வி:

"1978-இல் என் அப்பாவுக்கு இருபத்தோரு வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தார். அந்த வருடத்துப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். போன வருடம் அம்மா தவறியதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. அந்தப் படங்களை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் எங்கே தேடினாலும் அதே ஆறேழு பெயர்கள்தான். அப்பாவோ, 'முள்ளும் மலரும் அந்த வருஷம் நம்ம கொட்டகைக்கு வரவே இல்லையேம்மா' என்கிறார். அவருக்கு ஞாபகம் தப்புகிறதோ என்று பயமாக இருக்கிறது. 1978 உண்மையிலேயே அவ்வளவு பெரிய வருடமா, இல்லை அவருடைய இளமைக்கால ஏக்கமா? எதிலிருந்து தொடங்குவது? அவரிடம் ஒரு தகர டப்பா நிறையப் பிலிம் துண்டுகள் உள்ளன. பாதி சிவப்பாகிவிட்டது. அவற்றை என்ன செய்யலாம்?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். 'முள்ளும் மலரும்' அந்த வருடம் வரவில்லை என்று உங்கள் அப்பா சொல்வதில் ஞாபகப் பிசகு எதுவும் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் தவறவிடும் விஷயத்தை அவர் சரியாகச் சொல்கிறார்.

அந்தப் படம் வெளியானது 1978 ஆகஸ்ட் 15. அது பெரிய ஊர்களுக்கான தேதி. இன்று போல ஒரே நாளில் ஊரெல்லாம் படம் போடும் வழக்கம் அப்போது இல்லை. ஒரு ஏரியாவுக்குச் சில பிரின்ட்டுகள்தான், அதாவது படத்தின் பிரதிகள்தான், போடுவார்கள். உங்கள் ஊர் மதுரை–ராமநாதபுரம் ஏரியா. மதுரையில் ஓடி முடித்து, திண்டுக்கல், பழநி மாதிரி ஊர்களுக்குப் போய், அங்கேயும் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் படப்பெட்டி பஸ் ஏறி டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். நன்றாக ஓடும் படம் என்றால் இன்னும் தாமதம். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் பிரின்ட் தேய்ந்து, கீறல் விழுந்து, திரையில் மழை பெய்ய ஆரம்பித்திருக்கும். 'முள்ளும் மலரும்' முதல் சில வாரங்கள் கூட்டமில்லாமல் இருந்து, பிறகு பேச்சுப் பரவி எழுந்த படம். அது உங்கள் ஊர்க் கொட்டகைக்கு 1979-இல் வந்திருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியென்றால் 1978-இல் உங்கள் அப்பா என்னதான் ஓட்டியிருப்பார்? 1976-இல் வந்த 'அன்னக்கிளி', 1977-இல் வந்த '16 வயதினிலே', 'ஆட்டுக்கார அலமேலு' எல்லாம் அப்போதுதான் கொட்டகைகளைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். இடையிடையே பழைய எம்.ஜி.ஆர். படங்கள். 'நாடோடி மன்னன்' 1958-இல் வந்தது, 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965-இல் வந்தது. இருந்தாலும் அவை போட்ட அன்றைக்குத் தரை டிக்கெட் நிரம்பிவிடும். ஆடி மாதம் என்றால் சாமி படம். ஆக, உங்கள் கையில் இப்போது இரண்டு 1978 இருக்கிறது. ஒன்று சென்னை தியேட்டர்களில் வெளியான 1978. இன்னொன்று உங்கள் அப்பா மெஷின் அறையிலிருந்து பார்த்த 1978. பழைய படச்சுருள்களைப் பிரித்துப் பார்த்துப் பத்திரப்படுத்துவது என் தொழில். எத்தனையோ வருடங்களின் படங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. என் அனுபவத்தில் இரண்டாவது 1978-ஐப் பற்றித்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அதைச் சொல்லக்கூடிய மனிதர் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் பட்டியலைச் சரிபார்க்கும் பரீட்சையாக இதை ஆக்கிவிடாதீர்கள். அவர் ஒரு படத்தை 1978 என்று சொல்லி, அது 1977 என்று உங்களுக்குத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். அவர் கையால் சுற்றிய வருடம் அவருக்குத்தான் தெரியும்.

சரி, அது பெரிய வருடமா என்ற கேள்வி. ஆமாம், பெரிய வருடம்தான். மனசாரச் சொல்கிறேன். ஆனால் 'பொற்காலம்' என்ற வார்த்தையைத் தவிர்க்கிறேன். அந்த வருடமும் மோசமான படங்கள் நிறைய வந்தன. ரஜினிகாந்த் எல்லா மொழிகளிலும் சேர்த்து அந்த ஒரே வருடத்தில் இருபது படங்களுக்குப் பக்கம் நடித்தார். அவற்றில் எத்தனை பெயர் நமக்கு ஞாபகம் இருக்கிறது? 1978-ஐப் பெரிதாக்குவது நல்ல படங்களின் எண்ணிக்கை இல்லை. ஒரு காலம் கதவைச் சாத்திக்கொண்டு போவதையும் இன்னொன்று உள்ளே வருவதையும் பன்னிரண்டு மாதத்துக்குள் கண்ணால் பார்க்க முடிகிறது. அப்படி அமைந்த வருடங்கள் குறைவு.

தேதிகளைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று, 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தது. அகிலனின் 'கயல்விழி' நாவலை வைத்து எம்.ஜி.ஆரே இயக்கிய படம். வெளியானபோது அவர் முதலமைச்சர். 1977 ஜூன் 30 அன்று பதவியேற்றுவிட்டார். அவர் நடித்து வந்த கடைசிப் படம் இதுதான். கொட்டகை வைத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். முப்பது வருடமாகக் கல்லாவை நிரப்பியவர் இனிப் புதிதாக வரமாட்டார். பழைய பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து வருவதுதான் வழி.

ஜூன் 2 அன்று 'பைரவி'. ரஜினி தனி நாயகனாக நடித்த முதல் தமிழ்ப் படம். சென்னை பிளாசா தியேட்டரில் 35 அடி கட்அவுட் வைத்து, 'சூப்பர் ஸ்டார்' என்று போஸ்டரில் போட்டவர் அதன் விநியோகஸ்தராக இருந்த தாணு. ஐந்து மாதத்துக்குள் ஒரு பெயர் திரையிலிருந்து இறங்கி, இன்னொரு பெயர் ஏறுகிறது. அடுத்த வாரமே, ஜூன் 9 அன்று, ஸ்ரீதரின் 'இளமை ஊஞ்சலாடுகிறது'. 1959-இல் 'கல்யாணப் பரிசு' எடுத்தவர், பத்தொன்பது வருடம் கழித்து கமலையும் ரஜினியையும் வைத்து, இளையராஜாவின் இசையோடு, இளைஞர்களுக்கென்றே ஒரு படம் எடுத்து ஜெயிக்கிறார். பழைய ஆட்கள் எல்லோரும் ஒதுங்கிவிடவில்லை என்பதற்கும் அந்த வருடமே சாட்சி. சிவாஜிக்கும் 'அந்தமான் காதலி', 'தியாகம்', 'பைலட் பிரேம்நாத்' என்று படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

ஆகஸ்டில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு படங்கள். 10-ஆம் தேதி பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்', 15-ஆம் தேதி மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

மகேந்திரனை அதற்கு முன் வசனகர்த்தாவாகத்தான் ஜனங்களுக்குத் தெரியும். 1974-இல் வந்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. தியேட்டர் அதிர வசனம் பேசிய படம். அதே மனிதர், தானே இயக்கும் முதல் படத்தில் வசனத்தைச் சுருக்கிவிட்டார். உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு, அதில் பேச்சுக்குப் பதில் பார்வையை வைத்தார். படத்தில் பேச்சு இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் கலங்கியதை மகேந்திரனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்து, மலையாளத்திலும் கன்னடத்திலும் பெயர் வாங்கிவிட்டுத் தமிழுக்கு வந்த முதல் படம். அந்தக் கடைசிக் காட்சியை அப்பாவோடு பார்க்கும்போது ஒலியைக் கூட்டி வையுங்கள். தங்கை அண்ணனிடம் ஓடி வந்து சேரும் இடத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் இசையும் ரஜினியின் முகமும் சொல்லிவிடுகின்றன. தங்கையை அவள் விரும்பும் எஞ்சினியரிடம் ஒப்படைக்கும்போதுகூட, உன்னை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்பதை ரஜினி நடித்த காளி மறைப்பதில்லை. வீம்பு போகாமலே ஒருவன் விட்டுக்கொடுக்கிறான். தமிழ்ப் படத்தில் ஒரு கதாநாயகன் கடைசி ரீலில் திருந்தாமல் இருப்பதை எனக்குத் தெரிந்து அவ்வளவு அன்போடு யாரும் காட்டியதில்லை. ஆனந்த விகடன் விமர்சனத்தில் இதற்கு 61 மார்க் கொடுத்தார்கள்; அவர்கள் கணக்கில் அது பெரிய மார்க்.

'கிழக்கே போகும் ரயில்' உங்கள் அப்பாவின் தொழிலுக்கு நெருக்கமான படம். ஊரைவிட்டுப் போன பரஞ்சோதி, ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் செய்தி எழுதி அனுப்புவான். ரயில் ஊரைக் கடக்கும்போது பாஞ்சாலி அதைப் படிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், பட்டணத்தில் எழுதியதைப் பெட்டி சுமந்து வர, கிராமத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள். படப்பெட்டி வரும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்ற ஓர் இளைஞனுக்கு அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும்! பெட்டி வராத நாளில் கொட்டகையில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு வரும்.

அப்புறம் தீபாவளி. 1978 அக்டோபர் 30. ஒரு திரைப்பட வகுப்பை இந்த ஒரு வாரத்தை வைத்தே நடத்தலாம். இரண்டு நாள் முன்னதாக 'சிகப்பு ரோஜாக்கள்' வந்துவிட்டது. தீபாவளி அன்று ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்', பாலசந்தரின் 'தப்புத் தாளங்கள்', தேவர் பிலிம்ஸ் வழி வந்த 'தாய் மீது சத்தியம்', சிவாஜியின் 'பைலட் பிரேம்நாத்'. இதில் மூன்று படத்தில் ரஜினி. தேவர் பிலிம்ஸை நடத்திய சின்னப்பா தேவர் அந்த செப்டம்பரில்தான் காலமாகியிருந்தார். ஆகஸ்டில் கிராமத்து ரயிலைக் காட்டிய அதே பாரதிராஜா, அக்டோபரில் நகரத்துப் பங்களாவில் பெண்களைக் கொல்லும் ஒருவனைக் காட்டினார். கமல் அதில் கொலைகாரன். இரண்டே நாளில் 'அவள் அப்படித்தான்' படத்தில் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் நல்லவன். பெண் என்றாலே வெறுப்பு என்று ஒரு திரை சொல்ல, ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள உங்களால் முடிகிறதா பார்க்கலாம் என்று பக்கத்துத் திரை கேட்டது.

'சிகப்பு ரோஜாக்கள்' இன்று பார்க்கச் சங்கடமான படம். பெண்களால்தான் அவன் அப்படி ஆனான் என்று அது சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் தொழில்நுட்பமாக அது பாய்ந்த தூரம் அதிகம். இதை அப்பாவோடு பார்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். 'ஏ' சான்றிதழ் படம். மகளோடு உட்கார்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். 'அவள் அப்படித்தான்' மட்டும் கட்டாயம் பாருங்கள். ஒரு ராத்திரி வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் பாருங்கள். ருத்ரய்யா இரண்டே படங்கள்தான் எடுத்தார், இது முதலாவது. வண்ணநிலவனும் அனந்துவும் எழுத்தில் கூட நின்றார்கள். கறுப்பு வெள்ளை. மஞ்சுவாக வரும் ஸ்ரீபிரியாவின் முகத்தில் பாதி இருட்டாகவே இருக்கும். கடைசியில் ஒரு காருக்குள் நான்கு பேர். கமல் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் மஞ்சு கேட்கிறாள், பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்கிறாள் மஞ்சு. இறங்கிக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது, அவள் ரோட்டில் நிற்கிறாள். தீபாவளிப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டத்துக்கு இப்படி ஒரு முடிவைக் கொடுக்க ஒருவருக்குத் தைரியம் இருந்தது. உங்கள் அப்பாவின் கொட்டகைக்கு இந்தப் படம் வந்ததா, வந்தால் எத்தனை நாள் தாங்கியது என்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

வருடம் முடிவது டிசம்பர் 22 அன்று, 'ப்ரியா'வில். சுஜாதாவின் கதை, வக்கீல் கணேஷாக ரஜினி, சிங்கப்பூர் வீதிகள், ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள். பாண்டிய நாட்டு அரண்மனை செட்டில் தொடங்கிய வருடம் சிங்கப்பூர் விமான நிலையத்துப் பக்கம் போய் நிற்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்களே. 'முள்ளும் மலரும்' வேண்டாம். அவர் ஏற்கெனவே அதைப் பற்றி உங்களிடம் வாதாடிவிட்டார். அதில் தொடங்கினால் யார் சொன்னது சரி என்ற பேச்சாகிவிடும். சுந்தரபாண்டியனிலிருந்து தொடங்குங்கள். படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அதைப் போட்டால் அவர் படத்தைப் பார்க்க மாட்டார், கொட்டகையைப் பார்ப்பார். வாரத்துக்கு ஒன்று போதும். வெளியான வரிசையிலேயே போங்கள். ஜூன் மாதத்துப் படத்தை முடித்துவிட்டு ஆகஸ்ட் படத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தால், அந்த வருடம் எப்படி நகர்ந்தது என்பது உங்களுக்கும் கொஞ்சம் உடம்பில் ஏறும். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று படம் என்று போட்டுத் தள்ளாதீர்கள்.

நடுவில் இரண்டு மூன்று மறந்துபோன படங்களையும் சேருங்கள். இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வருடத்தின் எத்தனையோ படங்கள் பாட்டாக மட்டும் பிழைத்திருக்கின்றன. 'அச்சாணி' படத்தைப் பார்த்தவர்கள் இன்று அபூர்வம். 'மாதா உன் கோவிலில்' தெரியாதவர்கள் அதைவிட அபூர்வம். 'சிட்டுக்குருவி' படத்தில் ஆணும் பெண்ணும் இரண்டு வேறு மெட்டை ஒரே நேரத்தில் பாடிக் கோத்துக்கொள்ளும் 'என் கண்மணி' இருக்கிறது. படத்தின் கதை என்ன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். இந்தப் பாட்டுகள் தியேட்டரைத் தாண்டிப் போனதில் இலங்கை வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. படம் ஊருக்கு வர ஒரு வருடம் ஆகும். பாட்டோ காற்றில் முதல் வாரமே வந்துவிடும். பாட்டு மனப்பாடமான பிறகு படத்தைப் பார்ப்பதுதான் அன்றைய கிராமத்து வழக்கம். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் சில வாரங்கள் படம் இல்லாமல் பாட்டு மட்டும் போட்டுவிட்டு, இது எந்தப் படம் என்று கேளுங்கள். பேச்சு குறைந்துபோனவர்களிடம் கேள்வியைவிடப் பாட்டு நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆப்பரேட்டரிடம் படம் எப்படி என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார். மெஷின் அறைக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரே மெஷினா, இரண்டா? ஒரே மெஷின் என்றால் ரீல் மாற்ற எத்தனை இடைவேளை விட்டார்கள்? கார்பன் குச்சி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தள்ள வேண்டியிருந்தது? எந்தப் பாட்டுக்குத் திரையில் காசு விழுந்தது? எந்த ரீலில் ஆட்கள் பீடி பிடிக்க எழுந்து போனார்கள்? படம் பார்க்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு கணம் சின்னதாக ஒரு வட்டம் வந்து மறையும். ரீல் முடியப்போகிறது, அடுத்த மெஷினைத் தயார் செய் என்று ஆப்பரேட்டருக்குச் சொல்லும் குறி அது. நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். அவர் கண் தானாக அங்கே போகும், கவனித்துப் பாருங்கள். அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டே.

உங்களுக்குக் கிடைக்கும் பிரதி முழுசா என்று பார்க்க ஒரு வழி உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். அதில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் படம் ஒரு நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். நீளம் 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம் வர வேண்டும். உங்கள் பிரதி 125 நிமிடம்தான் என்றால், தொலைக்காட்சிக்காக யாரோ வெட்டியிருக்கிறார்கள். தலையும் காலும் திரைக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தால், பழைய படச்சட்டத்தை இன்றைய அகலத் திரைக்குப் பிடித்து இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு பிரதி கிடைத்தால் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வெட்டுப்பட்டதையே பாருங்கள். விட்டுப்போன காட்சியை அப்பா சொல்வார்.

இனி அந்தத் தகர டப்பா. உங்கள் கடிதத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது அதுதான்.

ஓடும்போது பிலிம் அறுந்தால், ஆப்பரேட்டர் கிழிந்த ஓரத்தை நறுக்கிவிட்டு, இரண்டு முனையையும் சுரண்டி, பிலிம் சிமென்ட் தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு படச்சட்டம் (ஃபிரேம்) போய்விடும். கீழே விழும் அந்தத் துண்டுகளைத்தான் உங்கள் அப்பா சேர்த்து வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த டப்பாவில் இருப்பது அவர் கொட்டகையில் படம் அறுந்து, விசில் பறந்து, இருட்டில் அவர் கை வேலை செய்த இடங்கள் ஒவ்வொன்றும்.

சிவப்பானது ஏன் என்று சொல்கிறேன். கலர் பிலிமில் மூன்று சாயங்கள் உண்டு. நீலப்பச்சைச் சாயம்தான் அந்தக் காலத்து பிரின்ட்டுகளில் முதலில் மங்கும். அது போனதும் மிச்சம் சிவப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருப்பது வெள்ளி. நன்றாகக் கழுவிய பிரின்ட் என்றால் அது அப்படியே நிற்கும். அதனால் உங்கள் டப்பாவில் வண்ணப் படத்தின் துண்டு ரோஜா நிறத்தில் கரைந்திருக்கும்போது, ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டு நேற்றுக் கழுவியது போல இருக்கக்கூடும். வண்ண பிலிம் வாங்கப் பணம் போதாத படங்கள் சில இப்படித் தப்பித்தன.

துண்டுகளைப் பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் எதையும் தொடவிடாதீர்கள். செல்லோடேப் கூடவே கூடாது. வினிகர் வாசனை வந்தால் அந்தப் பிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது. அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள், தொற்றும். இறுக்கமாக மூடிய தகரத்துக்குள் அந்த ஆவி அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, வீட்டில் குளுமையான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பரணில் வேண்டாம், வெயில் இறங்கும். இதற்கெல்லாம் முன்னால் ஒவ்வொன்றையும் படமெடுத்துவிடுங்கள். ஒரு போனின் வெள்ளைத் திரைக்கு மேல், சின்ன இடைவெளி விட்டு ஒரு கண்ணாடித் துண்டில் பிலிமை வைத்து, இன்னொரு போனால் எடுத்தால் போதும். மங்கிய நிறத்தை ஓரளவு மீட்க இன்று வழி இருக்கிறது. இருக்கும் நிறத்தையாவது இன்றே பிடித்துவிட வேண்டும்.

படமெடுக்கும்போது ஓட்டை வரிசைக்கு வெளியே ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் பிலிம் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். ஈஸ்ட்மேன் என்றோ, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ என்றோ இருக்கலாம். 'இந்து' என்று இருந்தால் அது ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த பிலிம். மலையில் செய்து, சென்னையில் கழுவி, மதுரை வழியாக உங்கள் ஊருக்கு வந்தது. முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் அது சினிமாஸ்கோப் படம்; பயப்பட வேண்டாம், லென்ஸ் விரித்துக் காட்டும். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும் எறியாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய சினிமா அச்சுப் பொருள்களைப் பாதுகாத்து வருகிறது. அப்பா சம்மதித்தால் அவர்களிடம் பேசிப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள், படம் மட்டும் எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களாக முதலில் கேட்காமல், அவராகச் சொல்லும்வரை விட்டுவைக்கச் சொல்வேன். டூரிங் கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருக்கும். மெஷின் அறை ஓட்டையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் அம்மா பக்கத்து ஊர்க்காரர் என்றால், அவர் அந்தப் பெண்கள் பக்கத்தில் என்றைக்காவது உட்கார்ந்திருக்கலாம். கல்யாணமான பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த முதல் படம் ஒன்றும் இருக்கும். அது 1978-ஆக இருக்காது, பரவாயில்லை. அவர் அந்தப் பெயரைச் சொன்னால், வரிசையை நிறுத்திவிட்டு அந்த வாரம் அதைப் போடுங்கள்.

டப்பாவிலிருந்து முதலில் எடுக்கும் துண்டில் யார் முகம் இருக்கிறது, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அந்த இடம் எப்படி அறுந்தது என்று அப்பா என்ன சொன்னார், மூன்றையும் எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.